இணையவழிப் பெண் துன்புறுத்தல்

சமூக ஊடகம், மின்னஞ்சல், செல்பேசிச் செயலி ஆகியவற்றின் வழியே பெண்களை மிரட்டுதல், பின்தொடர்தல், அவர்களுடைய படத்தையோ தொலைபேசி எண்ணையோ சம்மதமின்றிப் பரப்புதல் முதலியன இணையவழிப் பெண் துன்புறுத்தலில் அடங்கும். முகத்தை வெட்டி வேறொரு உடலில் ஒட்டுவதைத் தமிழ் நாளிதழ்கள் 'மார்ஃபிங்' என்றே எழுதுகின்றன.

இந்தியாவில் இதன் தொடக்ககால வழக்குகளுள் ஒன்று சென்னையில் நடந்தது. மணவிலக்குப் பெற்ற பெண் ஒருவர் 2004 பிப்ரவரியில் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். அவரை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட ஆண் ஒருவர், அப்பெண்ணின் பெயரிலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, யாஹூ குழுக்களில் ஆபாசச் செய்திகளைப் போட்டுவந்தார். அதை நம்பிய முகம் தெரியாத ஆண்கள் அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினர். கணினியே தொடாத நேரத்திலும் வீட்டுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது என்பதே இக்குற்றத்தின் கொடுமை. குற்றவாளி மும்பையில் கைதானார். பிரவுசிங் சென்டர் உரிமையாளர்கள் சாட்சி சொன்னார்கள். 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் இரண்டாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் கிடைத்த முதல் தண்டனை இது.

ஆனால் 67ஆம் பிரிவு ஆபாசத்தைத்தான் தண்டிக்கிறது. படிப்பவர் மனம் கெடுமா என்று அது கேட்கிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் கேட்பதில்லை. உடன் சேர்க்கப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவோ 1860இல் எழுதப்பட்டது. அது பேசியது பெண்ணின் நாணத்தை. சம்மதம் என்ற சொல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008 திருத்தத்தில் வந்த 66இ பிரிவில்தான் நுழைந்தது. 2012 தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 2013 திருத்தம் பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கியதோடு, படம் எடுக்கச் சம்மதித்தவர் அதைப் பரப்பவும் சம்மதித்தவர் ஆகார் என்று 354சி பிரிவின் விளக்கத்தில் எழுதிவைத்தது. "படம் எடுக்க ஏன் விட்டாய்?" என்று வீட்டிலும் காவல் நிலையத்திலும் கேட்கப்படும் கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இதைப் பலரும் இன்னும் அறியாதிருப்பது வேதனை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

அந்தரங்கப் படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வரையறுத்தன. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் பெண்கள் புகார் செய்யலாம். நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வைத்து 2023 நவம்பரில் பரவிய 'டீப்ஃபேக்' என்னும் போலிக் காணொளிக்குப் பின், இப்பொருளில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது.