தர்மபாலர் எத்தனை பேர்? காஞ்சித் துறவியும் ஒரு சீனப் பெயரும்

வாலாஜாபாத், வாலாஜாபேட்டை இரண்டுக்கும் பெயர் வந்தது ஒரே ஆளிடமிருந்து: ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. செங்கல்பட்டு–அரக்கோணம் தடத்தில் இருப்பது வாலாஜாபாத். காட்பாடி போகிற தடத்தில் வருவது வாலாஜா ரோடு. வெளியூர்க்காரர்களுக்கு இது குழப்பம்தான். இதற்கு நேர்மாறான குழப்பம், அதாவது பல ஆட்களுக்கு ஒரே பெயர், பக்கத்துக் காஞ்சிபுரத்துத் துறவி ஒருவரைச் சுற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. காஞ்சி, சீனம் என்றதும் போதிதர்மரை நினைக்க வேண்டாம். இவர் வேறு.

சுமார் 640-இல் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், 646-இல் முடித்த தம் பயண நூலில் இந்நகரைத் தர்மபாலர் பிறந்த ஊர் என்கிறார். அமைச்சர் ஒருவரின் மூத்த மகன். அரசன் தன் மகளையே கொடுக்க முடிவு செய்கிறான். கல்யாண இரவில் மாப்பிள்ளை புத்தர் சிலை முன் விழுந்து வேண்ட, தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிப்போய்த் தொலைவிலுள்ள மலை விகாரத்தில் விடுகிறது. அங்கிருந்த பிக்குகள் அவரைத் திருடன் என்றே நினைத்தார்களாம். பிற்பாடு நாலந்தாவில் பேராசானானார். யுவான் சுவாங்கின் குரு சீலபத்திரர் இவருடைய மாணவர். எனவே இது பேரன் முறையில் வருபவர் சொல்லும் கதை. அற்புதத்தைத் தள்ளிவிட்டாலும் காஞ்சிப் பிறப்பைத் தள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அந்த நூலில் இவர் பெயர் 'ஹூஃபா'. அயல்நாட்டுப் பெயரைச் சீனர் ஒலியாலும் எழுதுவர். போதிதர்மர் 'தாமோ' ஆனது அப்படி. பொருளாலும் பெயர்ப்பர். 'ஹூ' என்றால் காத்தல், 'ஃபா' என்றால் தர்மம். வினை முன்னே, செயப்படுபொருள் பின்னே என்ற சீன வரிசைப்படி தர்மபாலர் ஹூஃபா ஆனார். வடமொழி வரிசையையே வைத்துக்கொண்டால் 'ஃபாஹூ'. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாலன், ரட்சன் இரண்டுக்கும் சீனத்தில் 'ஹூ' ஒன்றே போதும். ஆகவே 286-இல் தாமரைச் சூத்திரத்தைப் பெயர்த்த, துன்ஹுவாங்கில் பிறந்த தர்மரட்சரும் ஃபாஹூ. 1004-இல் சோங் தலைநகருக்கு வந்து 1058-இல் மறைந்த இந்திய மொழிபெயர்ப்பாளர் தர்மபாலரும் ஃபாஹூ. இருவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுக்கு மேல். முன்னவருக்குக் குருவழி வந்த 'சூ' என்ற குடிப்பெயர் உண்டு. நம்மூர் இனிஷியல் போல அது கைகொடுக்கிறது. போதாததற்கு, கோயிலில் காவல் நிற்கும் தெய்வங்களுக்கும் ஹூஃபா என்றே பெயர்.

நம் பக்கத்திலும் நிலைமை அதிகம் மாறவில்லை. உதானம், தேரகாதை, தேரிகாதை முதலியவற்றுக்குப் பாலியில் உரை எழுதிய தம்மபாலரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். மரபு அவரைப் பதரதித்தம் என்ற கடலோர விகாரத்தவர் என்கிறது. பெயரும் நாடும் ஒத்துப்போகவே, இவரும் நாலந்தாத் தர்மபாலரும் ஒருவரே என்ற கருத்து ஐரோப்பிய அறிஞரிடையே எழுந்து விவாதமானது. எனக்கு அது ஒப்பவில்லை. நாலந்தாக்காரர் யோகாசார மகாயானி. வசுபந்துவின் முப்பது காரிகைக்கு வடமொழியில் உரை கண்டவர். அவர் கருத்தை முதன்மையாகக் கொண்டு 659-இல் யுவான் சுவாங் உருவாக்கிய சீன நூல்தான் கிழக்காசிய யோகாசாரத்தின் அடித்தளம். பாலி உரைகாரரோ இலங்கை மகாவிகார மரபில் நிற்பவர். ஔவையார் ஒருவரா பலரா என்று வாதிட்டுப் பழகிய நமக்கு, பெயரொற்றுமை எவ்வளவு மெலிந்த சான்று என்பது தெரிந்ததே.

பாலித் தம்மபாலர் இருந்த இடத்துக்கு அவர் எழுத்திலேயே தடயம் கிடைக்கிறது. நெத்திப்பகரண உரையின் முடிவுரை, அது நாகப்பட்டினத்தில் தர்மாசோகர் கட்டிய விகாரத்தில் இருந்து எழுதப்பட்டது என்கிறது. விசுத்திமக்கத்துக்கும் நிகாயங்களுக்கும் டீகை எழுதிய தம்மபாலர் இவர்தானா, பிந்திய இன்னொருவரா என்ற வழக்கு பாலி ஆய்வாளரிடையே இன்னும் முடியவில்லை.