மருந்து சுமந்த கப்பல்கள்



கப்பல் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி வந்த கப்பல்தான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வங்கக் கடலைக் கடந்து நம்மவர்களை ஏற்றி வந்தது. பினாங்கில் சிலர் இறங்கினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் சிலர் இறங்கினார்கள். 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியதே, அந்தத் துறைமுகந்தான்.

அக்கப்பல்கள் சுமந்து வந்தவை உழைக்கும் கைகள். அந்தக் கைகளுக்குக் காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பது? 1901இல் துறைமுகம் திறந்தபோதே மலேரியா மிகக் கடுமையாகப் பரவியது. கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிய விட்டு, காட்டை வெட்டித் திருத்திக் கொசுவைக் கட்டுப்படுத்தினார். நோய் தணிந்தது. கூலிக்கு ஆள் கொண்டுவரக் கப்பல் உண்டு. நோய்க்கு மருந்து கொண்டுவரவும் கப்பல் உண்டா? இன்று நாம் அதைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம்.

நம் கதையிலிருந்தே தொடங்குவோம். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் சீதபேதியும் ஆறாத புண்களும் அவர்களை வாரிக்கொண்டு போயின. உயிர் பிழைத்துத் திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். தந்தையை இழந்த பிள்ளைகள் லயங்களில் பசியோடு இருந்தார்கள்.

1946 மார்ச்சில் ஜவஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்து இந்த நிலையைக் கண்டார். அவ்வாண்டிலேயே இந்திய தேசிய காங்கிரஸ் ஒரு மருத்துவத் தூதுக்குழுவைக் கடல் கடந்து இங்கே அனுப்பியது. அதன் தலைவர் நாக்பூரைச் சேர்ந்த டாக்டர் சோல்கர். அவருக்கு இது முதல் பயணமன்று. 1938 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறிச் சீனாவுக்குத் தொண்டு செய்யப் போன ஐந்து மருத்துவர்களில் அவரும் ஒருவர். அந்த ஐவரில் டாக்டர் கோட்னீஸ் 1942இல் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். இதை அறிந்த பின்னும் மீண்டும் தொண்டுக்குப் புறப்பட்டாரே, அந்த மனத்தை எண்ணிப் பாருங்கள்.

அக்குழுவுக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய அவர், போர் முடிந்ததும் அக்குழுவின் நலப் பணியாளராகச் சேர்ந்தார். வெளியிலிருந்து வந்த மருத்துவர்கள் ஒருநாள் திரும்பிப் போவார்கள். ஜானகியோ இந்த மண்ணின் பெண். அவர் இங்கேயே இருந்து, 2014இல் மறையும் வரை சமூகப் பணியில் மதிக்கப்பட்டவராக விளங்கினார். கப்பல் போனபின் கரையில் எது நிற்கிறது என்பதே பெரிய கேள்வி.

இந்தக் கேள்வியை நன்றாக உணர்ந்தவர் அமெரிக்க இதய மருத்துவர் வில்லியம் வால்ஷ். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் மக்கள் மருத்துவ வசதியின்றி வாடியதை அவர் கண்டிருந்தார். 1958இல் கடற்படையின் பழைய மருத்துவக் கப்பல் ஒன்றைக் கேட்டுப் பெற்றார். அதற்கு 'ஹோப்' என்று பெயரிட்டார். நம்பிக்கை என்பது அதன் பொருள். 1960 செப்டம்பரில் அது நம் அண்டை நாடான இந்தோனேசியாவை நோக்கிப் புறப்பட்டது. 1968-69இல் கொழும்பில் நங்கூரமிட்டு இலங்கை மக்களுக்கும் பணி செய்தது. 1974இல் ஓய்வு பெறும்வரை 11 பயணங்கள்!

அக்கப்பலில் ஓர் இயந்திரம் இருந்தது. கடல் நீரை நன்னீராக்கி, பால் மாவு கலந்து பாலாக்கித் தரும். அதற்கு 'இரும்புப் பசு' என்று செல்லப் பெயர். மருத்துவர்கள் சம்பளமில்லாமல், ஏறத்தாழ இரண்டு மாதம் வீதம் முறை வைத்து வந்தார்கள். நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ததோடு அவர்கள் நிற்கவில்லை. உள்ளூர் மருத்துவர்களையும் தாதியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். நங்கூரம் தூக்கிய பிறகும் அந்தக் கல்வி கரையில் இருந்ததல்லவா?

இன்றும் இத்தகைய கப்பல்கள் ஓடுகின்றன. 'மெர்சி ஷிப்ஸ்' என்னும் அமைப்பு 1978இல் தொடங்கியது. அதன் 'குளோபல் மெர்சி' கப்பல் சீனாவில் கட்டப்பட்டு 2021இல் கைக்கு வந்தது. நீளம் 174 மீட்டர். 6 அறுவைச் சிகிச்சைக் கூடங்கள். சுமார் 200 நோயாளிகளுக்குப் படுக்கை. பணியாளர் 600க்கும் மேற்பட்டோர் தங்க இடமுண்டு. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று, கட்டிகளும் கண்புரையும் வளைந்த கால்களும் உள்ள ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்கிறது.

அக்கப்பலில் வேலை செய்வோர் எல்லாரும் டாக்டர்கள்தாமோ? இல்லை. எஞ்சினைப் பார்ப்பவர், மின்கம்பி பழுது பார்ப்பவர், சமைப்பவர், துணி வெளுப்பவர், தளம் துடைப்பவர், பணியாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் எனப் பலரும் உண்டு. பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தொண்டர்கள். வழிச்செலவை அவர்களே திரட்டிக்கொள்கிறார்கள். உறவினரும் நண்பரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்புவதும் உண்டு. சிலர் சில வாரம், சிலர் சில ஆண்டு. சமையற்காரர் கையை எடுத்துவிட்டால் நோயாளிக்குக் கஞ்சியில்லை. எஞ்சின் அறை நின்றுவிட்டால் அறுவைக் கூடத்தில் விளக்கில்லை.

இது நமக்குத் தெரியாததா? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் மட்டுமா உயிர் காத்தார்? புண்ணைக் கழுவியவர், தண்ணீர் சுமந்தவர், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைத் தாலாட்டிய ஆயா எல்லாருந்தானே காத்தார்கள்? அவர்கள் பெயர் ஏட்டில் ஏறவில்லை. ஆனால் அவர்கள் கைப்பட்டு வளர்ந்தவர்கள்தாம் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று குடும்பம் நடத்துகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, "டாக்டருக்குப் படித்தால்தான் தொண்டு செய்யலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தாதித் தொழிலோ, எஞ்சின் வேலையோ, மின்வேலையோ, சமையலோ எதுவாயினும் முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெறட்டும். ஆங்கிலமும் பழகட்டும். அதன்பின் கடல் கடந்துதான் போக வேண்டுமென்பதில்லை. பக்கத்து வீட்டு நோயாளியிடமும் தொடங்கலாம். நம் முன்னோர் கங்காணி கூப்பிட்டுக் கப்பலேறினார்கள். அவர்கள் பேரப்பிள்ளை ஒருவர் தம் மனம் கூப்பிட்டுப் போர்ட் கிள்ளானில் கப்பலேறுகிற நாளும் வரட்டும்!