பாக்குன் அணை: தண்ணீருக்கு முன்னே வெளியேறிய ஜனங்கள்

சரவாக்கில் பாலுய் ஆற்றை மறித்து 205 மீட்டர் உயரத்தில் பாக்குன் அணை நிற்கிறது. நீர்த்தேக்கமோ ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு! 1990-இல் கைவிட்ட இத்திட்டத்தை 1993-இல் அரசாங்கம் மறுபடியும் கையிலெடுத்தது.

சுற்றுச்சூழல் அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லத் தங்களுக்கு இடமளிக்கவில்லையென நீளவீட்டுக்காரர் மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் உயர்நீதிமன்றத்தில் வெற்றி. மறுவருஷமே மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிப்போனது. அதே 1997-இல் பணநெருக்கடி வந்து அணை வேலையும் நின்றது.

வேலைதான் நின்றதே, ஜனங்களையாவது விட்டார்களா? இல்லை. 1998-இல் காயான், கெனியா முதலிய இனத்தார் ஏறத்தாழ 10,000 பேரைச் சுங்கை ஆசாப்புக்குக் கொண்டுபோனார்கள். குடும்பத்துக்கு 3 ஏக்கர். ஆற்றையும் காட்டையும் நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு? அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியதோ 2010 அக்டோபரில்! 12 வருஷம் அவர்கள் ஊர் நனையாமலே கிடந்தது.