விடிகாலை நெஞ்சுவலியும் துடிப்புப் பதிவின் வரலாறும்

ஆரியசாலையில் வியாபாரம் செய்கிற நமக்கு விடிகாலை புதிதல்ல. அந்த நேரத்தில் நெஞ்சை அமுக்கிப் பிடித்தால், "வாயுவாக இருக்கும்" என்று சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கடை திறக்கப் போகிறவர்கள் நம்மில் அநேகம் பேர். பத்து மணிக்கு டாக்டரிடம் போனால் வலி இருக்காது, இ.சி.ஜி.யும் சுத்தமாக இருக்கும். ஆனாலும் நோய் உள்ளே இருக்கக்கூடும்.

1768-ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் விவரித்த நெஞ்சுவலி, நடந்தால் வரும், நின்றால் அடங்கும். இதற்கு நேர்மாறான ஒன்றை 1959-ல் அமெரிக்க மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல் எழுதினார். சும்மா படுத்திருக்கும்போது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வருவது. 'வேரியன்ட் ஆஞ்சைனா' என்று பெயர். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று சுருங்கிக்கொள்கிறது. சில நிமிடத்தில் தானே விரிந்துவிடுகிறது. 1970-களில் இத்தாலியின் பீசா நகரில் அத்திலியோ மசேரி குழுவினர் நோயாளிகளை விடாமல் கண்காணித்தபோது, வலியே தெரியாமலும் பல சுருக்கங்கள் வந்துபோவது தெரிந்தது.

ஆபத்து வலியில் மட்டுமல்ல. குழாய் சுருங்கியிருக்கும் அந்தச் சில நிமிடத்தில் துடிப்பு தாறுமாறாக ஓடலாம், அல்லது தடைபட்டு நின்று நின்று வரலாம். சிலர் மயங்கி விழுகிறார்கள். சிலருக்கு உயிரே போய்விடுகிறது. சில நொடி மட்டும் எழுதும் இ.சி.ஜி.யில் இது அகப்படுமா? மாதக் கணக்கை ஒரு நாள் சிட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா!

இந்தக் குறையைத் தீர்த்தவர் மருத்துவரே அல்லர். அமெரிக்காவில் மான்டனா மாநிலம் ஹெலினா ஊர்க்காரர் நார்மன் ஹோல்டர், இயற்பியலும் வேதியியலும் படித்தவர். அவருடைய தாத்தா ஹார்டுவேர் வியாபாரி என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 1940-களின் இறுதியில் அவர் செய்த முதல் கருவி சுமார் 38 கிலோ. மூட்டை மாதிரி முதுகில் சுமக்க வேண்டும். 1961-ல் அவர் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது அது கையடக்கமாகச் சுருங்கியிருந்தது. இன்றும் 24 மணி நேரப் பதிவை 'ஹோல்டர்' என்றே சொல்கிறோம்.

ஆனால் வலி தினமும் வருவதில்லையே. ஹோல்டர் கட்டிய அன்று வராமல் அடுத்த வாரம் வந்தால்? அதற்காக 1990-களில், மார்புத் தோலுக்கடியில் வைக்கும் பதிவுக் கருவி வந்தது. 2014-ல் வந்த சிறிய வகை சுமார் இரண்டரை கிராம்தான். மூன்று வருடம் வரை துடிப்பைக் கவனிக்கும். காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவர்களுக்கே இது முக்கியமாகப் பயன்படுகிறது. மாத்திரை மட்டும் போதுமா, பேஸ்மேக்கரோ, அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவியோ வேண்டுமா என்று முடிவெடுக்க இந்தப் பதிவு உதவும். குழாய்ச் சுருக்கத்துக்கு மருந்து கால்சியம் தடுப்பு மாத்திரைகள். பீடி, சிகரெட் இதற்குப் பெரிய எதிரி; கடைத்தெரு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் நகரில் 1976 முதல் இதயநோய்க்குச் சிகிச்சை தரும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. வலி இருக்கும்போதே எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அடங்கிய பிறகு போகிறவர்கள், "நெஞ்சு வலித்தது" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், கண் இருட்டியதா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.