ஜப்பான் நாட்டு மோட்டார் சைக்கிள் நம் ஊர் வந்த வரலாறு

வரலாறு என்றதும் அரசரும் போரும், கோயிலும் கல்வெட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றுக்குப் பிறந்த ஊர் உண்டு. கடந்து வந்த கடல் உண்டு. புகுந்த வீடும் உண்டு. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு இத்திருவனந்தபுரத்தில் குடியேறிய நமக்கு, அவ்வாறே வேற்று நாட்டிலிருந்து வந்து இங்கு நிலைத்துவிட்ட ஒரு பொருளின் வரலாறு சுவை தருமென்று எண்ணுகிறோம். அப்பொருள் ஜப்பானிய மோட்டார் சைக்கிளே.

இன்று நம் காலனியிலும் பழைய யமஹா, சுஸுகி வண்டிகளைத் தேடி வாங்கிச் சீர்செய்து ஓட்டும் இளைஞர் பலர் உளர். அவற்றை வெட்டி ஒட்டித் தம் மனம்போல் மாற்றியமைப்போரும் உளர். பெற்றோர்க்கோ இது வீண் செலவாகவும் உயிருக்கு உலை வைக்கும் விளையாட்டாகவும் தோன்றுகிறது. இரு சாராரும் இக்கட்டுரையைப் படித்தல் நலம்.

ஒரு நகரம், மூன்று நிறுவனங்கள்

ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி என்பன ஜப்பானின் நான்கு பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள். இவற்றுள் முதல் மூன்றும் ஹமாமட்சு என்னும் ஒரே நகரத்தைச் சுற்றித் தோன்றியவை என்பது வியப்புக்குரியது. மிச்சியோ சுஸுகி என்பார் 1909-ஆம் ஆண்டில் அங்கே நெசவுத் தறி செய்யும் பட்டறையைத் தொடங்கினார். தோராகுஸு யமஹா என்பாரோ 1887-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்கன் பெட்டியைப் பழுதுபார்க்கப் போய், பின்னர் இசைக்கருவி செய்யும் தொழிலையே மேற்கொண்டார். யமஹா வண்டியின் டாங்கியில் காணும் சின்னத்தை உற்று நோக்கினால், அஃது இசைக்கருவிக்குச் சுருதி கூட்டும் கவைகள் மூன்று என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பானில் ரயில்கள் மக்கள் நெரிசலால் திணறின; பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில் சொய்ச்சிரோ ஹோண்டா என்பார் 1946-ஆம் ஆண்டில், இராணுவத்தார் வானொலிக் கருவிகளுக்குப் பயன்படுத்திக் கழித்துவிட்ட சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றார். டர்பன்டைன் எண்ணெய் கலந்து அவை ஓடின. அவற்றின் ஓசையைக் கேட்ட மக்கள் 'பாட்டா பாட்டா' என்று பெயரிட்டனர். நம் வடநாட்டார் மோட்டார் சைக்கிளைப் 'பட்பட்டி' என்றழைப்பதை இங்கு நினைவுகூரலாம். 1948-ஆம் ஆண்டில் ஹோண்டா கம்பெனி நிறுவப்பட்டது.

1952-ஆம் ஆண்டில் சுஸுகி நிறுவனமும் எஞ்சின் பொருத்திய சைக்கிளைச் செய்தது. 1955-ஆம் ஆண்டில் யமஹாவின் முதல் வண்டி வெளிவந்தது. ஜெர்மானிய வண்டியொன்றை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட அதனை, அதன் செந்நிறம் கருதிச் 'செந்தட்டான்' என்று ஜப்பானியர் அழைத்தனர். அயலாரைப் பார்த்துக் கற்றதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை, கற்றதோடு நின்றுவிடவுமில்லை. 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தையடுத்த மான் தீவுப் பந்தயத்தில் முதன்முறை கலந்துகொண்ட ஹோண்டா, 1961-ஆம் ஆண்டிலேயே அங்கு முதற் பரிசுகளைத் தட்டிக்கொண்டது.

அமெரிக்கா அடைத்த கதவு

1969-ஆம் ஆண்டில் ஹோண்டா 'சி.பி. 750' என்னும் வண்டியை வெளியிட்டது. நான்கு சிலிண்டர்களும் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் கொண்ட அவ்வண்டி, ஆங்கிலேய வண்டிகளின் ஆட்சியை அசைத்துவிட்டது.

'கஸ்டம்' என்னும் சொல்லுக்கு மோட்டார் சைக்கிள் உலகில் இரு பொருள்கள் உண்டு. உரிமையாளர் தம் விருப்பத்துக்கேற்ப வண்டியின் வடிவை மாற்றிக்கொள்வது ஒன்று. அமெரிக்கரிடையே அத்தகைய மாற்றங்களுக்கிருந்த வேட்கையைக் கண்டு, கம்பெனிகளே உயர்ந்த ஹாண்டிலும் தாழ்ந்த இருக்கையும் நீர்த்துளி வடிவ டாங்கியும் வைத்துத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது மற்றொன்று. 1980-ஆம் ஆண்டில் ஹோண்டா 'கஸ்டம்' என்ற பெயரையே சூட்டி வண்டிகளை விற்றது. இன்று மேனாடுகளில் பழைய ஜப்பானிய கஸ்டம் வண்டி என்று போற்றப்படுவன இவையே.

இவ்வண்டிகளின் பெருக்கத்தால் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்ஸன் கம்பெனி தள்ளாடியது. அதன் வேண்டுகோளை ஏற்று, 1983-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரீகன், 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளின் மீதான சுங்கவரியை 4.4 விழுக்காட்டிலிருந்து 49.4 விழுக்காடாக உயர்த்தினார்; ஆண்டுதோறும் அது குறைந்துவருமென்றும் விதிக்கப்பட்டது. இவ்வாறு அமெரிக்கா கதவை அடைத்த அதே காலத்தில், சிறிய வண்டிகளுக்கு இந்தியா கதவைத் திறந்தது.

ஒசூர் திறந்த வழி

அதற்கு முன் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் சிலவே. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டில் மைசூரில் ஜாவா வண்டி செய்யத் தொடங்கினர். எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு அமைப்பில் ராஜ்தூத் வண்டியைச் செய்தது. லைசென்சுக் கட்டுப்பாடுகள் மிகுந்த அக்காலத்தில், புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர். 1980-களின் தொடக்கத்தில் அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, அயல்நாட்டுக் கூட்டுறவுக்கு இடமளித்தது.

1983-ஆம் ஆண்டில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் 'ஆர்.டி. 350' வண்டியை ராஜ்தூத் என்ற பெயருடன் வெளியிட்டது. இரண்டு சிலிண்டர், ஆறு கியர் கொண்ட அவ்வண்டி 1973-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு வந்தது. பிற நாடுகளில் அதன் காலம் முடிந்த பின்னரே நம் நாட்டில் புகுந்தது. நம் சாலைகளுக்கேற்ப அதன் வலிமை குறைக்கப்பட்டது; டிஸ்க் பிரேக்குக்கு மாறாக டிரம் பிரேக் வைக்கப்பட்டது. அப்படியிருந்தும் அதன் வேகம் நம்மவர்க்குப் புதிது. ஆர்.டி. என்னும் ஈரெழுத்துக்கு 'விரைந்த மரணம்' என்று விரிவு கூறினோரும் உண்டு. பெட்ரோல் மிகுதியாகக் குடித்த அவ்வண்டியை அன்று வாங்கினோர் சிலரே.

மக்களிடம் ஜப்பானிய வண்டியைக் கொண்டு சேர்த்த பெருமையில் தமிழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1984-ஆம் ஆண்டில் ஒசூரில் டி.வி.எஸ். குழுமத்தார் சுஸுகியுடன் கூடி 'இண்ட்-சுஸுகி' என்னும் 100 சி.சி. வண்டியை வெளியிட்டனர். இந்தோ-ஜப்பானியக் கூட்டுறவில் பிறந்த 100 சி.சி. வண்டிகளுள் அதுவே முதலாவது. இக்குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர். வழக்குரைஞராகவும், பின் ரயில்வேயிலும், அதன்பின் வங்கியிலும் பணியாற்றியவர். அவ்வேலைகளை உதறிவிட்டு மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கித் தென்னாட்டு மோட்டார் போக்குவரத்துக்கு வழிகாட்டினார். ரயில்வே ஊழியராகிய நமக்கு இச்செய்தியில் தனியானதொரு மகிழ்ச்சி உண்டு.

1985-ஆம் ஆண்டில் ஹீரோ ஹோண்டாவின் 'சி.டி. 100' வண்டியும், யமஹாவின் 'ஆர்.எக்ஸ். 100' வண்டியும் வந்தன. முன்னது சிக்கனத்தால் குடும்பத் தலைவர்களைக் கவர்ந்தது. பின்னது இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. 98 சி.சி. எஞ்சினில் 11 குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 100 கிலோ. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரு சுற்றுக்கு ஒருமுறை ஆற்றல் தர, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் தரும். அதன் துள்ளலுக்குக் காரணம் அதுவே. பெட்ரோலுடன் ஆயிலும் சேர்ந்தெரிவதால் எழும் நீலப் புகையே அதன் குறை. 1996-ஆம் ஆண்டில் ஆர்.எக்ஸ். 100 நிறுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. பின்னர் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

நம் ஊரில் அவ்வண்டிகள்

நிறுத்தப்பட்ட வண்டி மதிப்பிழக்க வேண்டுமன்றோ? நடந்ததோ மாறானது. நன்கு பேணப்பட்ட ஆர்.எக்ஸ். 100 ஒன்று, புதிதாக விற்ற விலையினும் மிகுதியான விலைக்கு இன்று போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் விதுரை வழியே பொன்முடி மலைக்குச் செல்லும் பாதையில், 22 கொண்டையூசி வளைவுகளிலும் அவற்றின் ஓசையைக் கேட்கலாம்.

பார்சல் அலுவலகத்தில் பணிபுரிந்த ஆண்டுகளில் நாம் இதனை நேரிற் கண்டோம். பெட்ரோலை முற்றும் வடித்து, சாக்கும் வைக்கோலும் சுற்றி, புறப்படும் ஊரும் சேரும் ஊரும் எழுதிய அட்டை கட்டி, ஆர்.சி. புத்தகத்தின் நகலுடன் வண்டிகளைப் பதிவுக்குக் கொண்டுவருவர். புதிய வண்டிகளை அனுப்புவோர் ரசீதைப் பெற்றதும் போய்விடுவர். பழைய யமஹாவை அனுப்புவோரோ வண்டி ரயிலில் ஏறும் வரை பிளாட்பாரத்தை விட்டு நகரார். பெண்ணைப் புக்ககம் அனுப்பும் தந்தையைப் போல் அவர்கள் நின்ற காட்சி இன்றும் நம் கண்ணில் நிற்கிறது.

இவ்வண்டிகள் இத்துணை ஆண்டுகள் பிழைத்திருப்பதற்குக் காரணம் மெக்கானிக்குகளே. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளது போன்ற வால்வமைப்பு இல்லாத எளிய எஞ்சின் அது. சிலிண்டர் தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் போரிங் செய்து சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். ஓசையைக் கேட்டே கார்புரேட்டரைத் திருத்தும் கைத்திறனை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. குருவிடமிருந்து சீடனுக்கு வருவது அது. அக்கைகள் முதுமையடைந்து வருகின்றன. பழைய வண்டி வைத்திருக்கும் இளைஞன் அவர்கள் அருகே அமர்ந்து கற்றுக்கொண்டாலன்றி அக்கலை அவர்களோடு மறைந்துபோகும்.

நம் காலனியில் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் காலமானபின் அவருடைய ஆர்.எக்ஸ். 100 வராந்தாவில் தூசி படிந்து கிடந்தது. பின்சட்டத்தை அறுத்து, ஒற்றை இருக்கை வைத்துப் பந்தய வண்டியாக்க வேண்டுமென்று மகன் துடித்தான். அம்மையார் நம்மிடம், "தம்பி, அவன் ஓட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அறுத்துவிட்டால் பின்னால் உட்கார எனக்கு இடம் ஏது?" என்றார். மகன் வாயடைத்து நின்றான். வண்டி அறுபடவில்லை. அம்மையார் இன்று அதன் பின்னிருக்கையில் அமர்ந்தே கோயிலுக்குச் செல்கிறார்.

சட்டம் சொல்வது

அம்மையார் அன்பினால் சொன்னதையே சட்டமும் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளர்க்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வயது நிரம்பாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர்க்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருப்போர் கேரளப் பதிவெண் பெறவேண்டும் என்பதையும் ஊரிலிருந்து வண்டி கொண்டுவருவோர் மறத்தலாகாது.

2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டி, 20,000 ரூபாய் கட்டணத்தில் 'வி.ஏ.' என்னும் சிறப்புப் பதிவெழுத்துப் பெறலாம். நாள்தோறும் ஓட்டுவதற்கன்று, கண்காட்சிக்கும் பேரணிக்கும் உரியதே அப்பதிவு. கணக்கிட்டுப் பாருங்கள். 1983-ஆம் ஆண்டு ஆர்.டி. 350 இத்தகுதியை எய்துவது 2033-ல். 1985-ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 100 எய்துவது 2035-ல். இன்று ரம்பம் எடுத்துச் சட்டத்தை அறுப்பவர், சில ஆண்டுகளில் கிட்டவிருக்கும் சிறப்பைத் தம் கையாலேயே அறுத்தெறிகிறார். அறுத்த இரும்பை ஒட்டலாம். அதனை அன்றிருந்த வண்டியாக்க இயலாது.

ஜப்பானிலேயே 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் குறித்த காலத்தில் அரசின் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். அங்கு கஸ்டம் கலை செழித்திருப்பது அத்தகைய கட்டுப்பாட்டுக்கு நடுவிலேதான்.

முடிவுரை

இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே: பழைய வண்டியை வாங்குவதும் ஓட்டுவதும் குற்றமன்று; அது ஒரு நற்கலை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். தேய்ந்ததை மாற்றுங்கள், சட்டத்தை அறுக்காதீர்கள். மூல சைலன்ஸரைக் கழற்றிவிட்டு மருத்துவமனை வாயிலில் முழக்கமிடாதீர்கள். இருவர் செல்லின் இருவரும் ஹெல்மெட் அணியுங்கள். 40 ஆண்டுக்கு முந்திய பிரேக்குடன் இன்றைய போக்குவரத்தில் செல்கிறோம் என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல்: பிள்ளையின் கையில் கிரீஸ் படிந்திருந்தால் வெகுளாதீர்கள். தோற்ற நாட்டில் சைக்கிளில் எஞ்சின் கட்டியவரின் கையிலும் இதே கறைதான் இருந்தது. கைத்தொழிலை மதித்த நாடு எழுந்தது. நம் பிள்ளைகளும் கற்று, காத்து, பின்வருவோர்க்குக் குறையாமல் அளிப்பாராக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!