ட்ரகன்களின் தரவரிசை: முப்பது ஆண்டு அட்டை வரலாறு

பத்திரிகைக் காரியாலயங்களில் தரவரிசைப் பட்டியலுக்கு எப்போதும் ஒரு தனி மதிப்பு உண்டு. ஆண்டு முடிவில் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தால் 'சிறந்த பத்து' என்று ஏதாவதொன்றைத் தொகுக்கச் சொல்வார்கள். அவ்வாறான பட்டியல்கள் பலவற்றை நானும் எழுதியிருக்கிறேன். பிறர் எழுதியவற்றைத் திருத்தியுமிருக்கிறேன். எந்தப் பட்டியலிலும் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதே. ஆனால் அந்தக் கேள்வியை வாசகர்கள் கேட்பது அரிது.

'மெஜிக்: த கதரிங்' என்ற அட்டை விளையாட்டின் ட்ரகன்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அண்மைக் காலத்தில் ஏராளமாக என் கண்ணில் பட்டன. புலம்பெயர் நாடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இவ்விளையாட்டு நன்கு பழக்கமானது. ஆகவே இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாமல், அதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

ட்ரகன் என்பதற்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. தமிழ் விவிலியம் அதனை 'வலுசர்ப்பம்' என்று அழகாகக் குறிப்பிடுகின்றது. எனினும் விளையாடுவோர் மத்தியில் வழங்கும் சொல்லையே இங்கு நானும் பயன்படுத்துகின்றேன்.

ஆரம்பம்

இவ்விளையாட்டை உருவாக்கியவர் றிச்சர்ட் கார்ஃபீல்ட். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1991 ஆம் ஆண்டு அவர் தாம் வடிவமைத்த பலகை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பீற்றர் அட்கிசன் என்பவரிடம் சென்றார். சியாற்றில் நகருக்கருகே 'விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்' என்ற சிறிய நிறுவனத்தை நடத்தி வந்த அட்கிசனிடம் பலகை விளையாட்டை அச்சிடுவதற்குப் பணமில்லை. கையில் எடுத்துச் செல்லக்கூடியதும், குறுகிய நேரத்தில் விளையாடி முடிக்கக்கூடியதுமான ஒன்றைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். அதன் விளைவாகப் பிறந்ததே 'மெஜிக்'. 1993 ஓகஸ்டில் அது விற்பனைக்கு வந்தது. முதற் பதிப்பில் ஏறத்தாழ 26 இலட்சம் அட்டைகள் பெல்ஜியத்தில் அச்சிடப்பட்டன. அவை சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தன.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாடுபவர் ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். முறைக்கு ஒரு நில அட்டையை மேசையில் வைக்கலாம். நிலத்திலிருந்து 'மானா' என்னும் வலு கிடைக்கும். அந்த வலுவைச் செலவிட்டு உயிரி அட்டைகளை இறக்கி எதிரியைத் தாக்க வேண்டும். ஒவ்வோர் உயிரிக்கும் தாக்கும் வலு ஓர் எண், தாங்கும் வலு ஓர் எண் என இரண்டு எண்கள் உண்டு. ஆறு மானா தேவைப்படும் அட்டை சாதாரணமாக ஆறாவது முறையில்தான் களத்துக்கு வரும். ட்ரகன்களின் வரலாறு முழுவதையும் தீர்மானித்தது இந்த எளிய கணக்குத்தான்.

முதற் பதிப்பின் நாயகன் 'ஷிவன் ட்ரகன்'. மெலிஸா பென்சன் வரைந்த ஓவியம். விலை ஆறு மானா, தாக்குவலு 5, தாங்குவலு 5, பறக்கும். மேலும் செலவிடும் ஒவ்வொரு சிவப்பு மானாவுக்கும் அதன் தாக்குவலு ஒன்று கூடும். அக்காலத்துப் பிள்ளைகள் இந்த ஓர் அட்டைக்காகக் கையிலிருந்த பல அட்டைகளைப் பண்டமாற்றுச் செய்தார்கள்.

ஆனால் போட்டிக் களத்தில் நிலைமை வேறாக இருந்தது. எதிரியின் எந்த உயிரியையும் ஒரே ஒரு வெள்ளை மானாவுக்கு அகற்றிவிடும் மந்திர அட்டையொன்று அதே பதிப்பில் இருந்தது. ஆறு முறை காத்திருந்து இறக்கிய ட்ரகன், ஒரு முறைகூடத் தாக்காமல் மறைந்துவிடும். 1994 இல் மில்வோக்கி நகரில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியில் வென்ற ஸக் டோலனின் கட்டில் ட்ரகன் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவரது பறக்கும் படையின் முதன்மை அட்டை, ஐந்து மானா விலையுள்ள 'செரா ஏஞ்சல்' என்ற தேவதை.

படமும் பெறுமதியும்

இதில் வியப்படைய எதுவுமில்லை. எங்கள் ஊர்களில் திருவிழாக் காலங்களிலும் மரணவீட்டு இரவுகளிலும் கடதாசிக் கட்டுடன் அமர்ந்து '304' விளையாடியவர்களுக்கு இது புரியும். அந்த விளையாட்டில் ராஜாவுக்கு 3 புள்ளிகள், ராணிக்கு 2. ஆனால் ஜாக்குக்கோ 30; ஒன்பதுக்கு 20. ஆசுகூட 11 புள்ளிகளுடன் அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும். படத்தில் முடி தரித்திருப்பவன் ராஜா என்பதற்காக எவரும் அவனை முதலிடத்தில் வைப்பதில்லை. துரும்பு ஜாக் கையிலிருப்பவன்தான் துணிந்து கேட்பான். அட்டையின் தரத்தைத் தீர்மானிப்பது விளையாட்டின் விதிகளே. ட்ரகன் பட்டியல் எழுதுவோர் பலர் ஓவியத்தையும் பருமனையும் கண்டு மயங்கி இதனை மறந்துவிடுகின்றனர்.

வடிவமைப்பாளர்கள் மறக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவர்கள் ஒரே பிரச்சினைக்கு மூன்று விதமான தீர்வுகளைக் கண்டனர். முதலாவது, களத்துக்கு வந்த அதே முறையில் தாக்கும் ட்ரகன். 2002 இல் வந்த 'றோறிக்ஸ் பிளேட்விங்' இதற்கு நல்ல உதாரணம். இரண்டாவது, இறந்தாலும் பயன் தரும் ட்ரகன். ஜப்பானியப் புராணச் சாயலில் 2004 இல் வெளிவந்த தொகுதியின் 'கொகுஷோ' இறக்கும்போது எதிரிகள் ஒவ்வொருவரிடமிருந்தும் 5 உயிர்ப் புள்ளிகளைப் பறித்துத் தன் சொந்தக்காரனுக்குக் கொடுக்கும். மூன்றாவது, களத்துக்கு வரும்போதே வேலையை முடித்துவிடும் ட்ரகன். 2006 இல் வந்த 'பொகார்டன் ஹெல்கைட்' இவ்வகையில் தலையாயது.

எனது வரிசை

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அட்டை அச்சிடப்படாமலே போயிருந்தால் விளையாட்டின் வரலாறு மாறியிருக்குமா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே வரிசைப்படுத்துகிறேன்.

ஐந்தாம் இடம்: 'மேர்க்ரைட் றீஜன்ற்'. 2021 இல் வெளிவந்தது. முகத்தில் எழுதியுள்ள விலை ஏழு மானா. ஆனால் சுடலை எனப்படும் குவியலில் கிடக்கும் பழைய அட்டைகளை நீக்கி, அவ்விலையை இரண்டு மானா வரை குறைக்கலாம். அவ்வாறு நீக்கிய ஐந்தும் மந்திர அட்டைகளாயின், மூன்றுக்கு மூன்று வலுவுள்ள ட்ரகன் எட்டுக்கு எட்டாக வந்து நிற்கும். வெறும் வலிமை மட்டும்தான் அளவுகோல் என்றால் இதற்கு முதலிடம் கொடுக்கத் தயங்கமாட்டேன்.

நான்காம் இடம்: 'வேர்ல்ட்கோர்ஜர் ட்ரகன்'. 2002. இது வந்ததும் சொந்தக்காரனின் மற்ற எல்லா அட்டைகளையும் விழுங்கிவிடும். களத்தை விட்டு அகன்றதும் அனைத்தையும் திருப்பித் தரும். இதனைக் கேட்பவர் பயனற்ற அட்டை என்றே நினைப்பார். ஆனால் சுடலையிலிருந்து உயிரியை எழுப்பும் பழைய மந்திரம் ஒன்றினால் இதனை எழுப்பினால், ட்ரகன் அந்த மந்திரத்தையும் விழுங்கும். மந்திரம் போனதும் ட்ரகன் இறக்கும். ட்ரகன் இறந்ததும் மந்திரமும் நிலங்களும் மீளும். மந்திரம் மறுபடி ட்ரகனை எழுப்பும். மீளும் நிலங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக மானா தரும். இச்சுழலுக்கு முடிவே இல்லை. முறிப்பதற்கு வழி வைத்திருக்காவிட்டால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். 'லெகசி' என்ற போட்டி முறையில் 2004 இல் தடை செய்யப்பட்ட இந்த அட்டை 2015 இல்தான் விடுதலை பெற்றது.

மூன்றாம் இடம்: முன்பு குறிப்பிட்ட 'பொகார்டன் ஹெல்கைட்'. 2006 டிசெம்பரில் பாரிஸ் நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. வென்றவர் ஜப்பானியரான மக்கிஹிற்றோ மிஹாறா. அவரது கட்டின் உயிர்நாடி 'ட்ரகன்ஸ்ரோம்' என்ற ஒன்பது மானா மந்திரம். அதே முறையில் அதற்கு முன் எத்தனை மந்திரங்கள் பயன்படுத்தப்பட்டனவோ, அத்தனை பிரதிகள் அதற்கு உண்டாகும். ஒவ்வொரு பிரதியும் கட்டிலிருந்து ஒரு ட்ரகனை நேரே களத்துக்குக் கொண்டுவரும். முன்னதாக மூன்று மந்திரங்கள் போதும், நான்கு ட்ரகன்கள் வந்துவிடும். பொகார்டன் ஹெல்கைட் ஒவ்வொன்றும் வரும்போதே 5 சேதம் விளைவிக்கும். நாலைந்து இருபது. எதிரியின் உயிரும் இருபதுதான். ட்ரகன் சிறகை விரிக்குமுன்பே ஆட்டம் முடிந்தது. மெதுவானவை என்று ஒதுக்கப்பட்ட ட்ரகன்களைக் கொண்டு உலகக் கிண்ணத்தையே வெல்லலாம் என்பதை அந்தப் போட்டி காட்டியது.

இரண்டாம் இடம்: 'ஷிவன் ட்ரகன்'. போட்டிகளில் அதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை என்று மேலே சொன்னேன். இருந்தும் இவ்விளையாட்டில் ட்ரகன் என்றால் சிவப்பு, மலை, நெருப்பு என்ற எண்ணத்தை மனதில் பதித்தது அதுவே. பின்வந்த நூற்றுக்கணக்கான ட்ரகன்கள் அதன் வாரிசுகள் எனலாம்.

முதலிடம்: 'நிக்கோல் போலாஸ்'. 1994 ஜூனில் 'லெஜென்ட்ஸ்' தொகுதியில் வந்த ஐந்து மூத்த ட்ரகன்களில் ஒன்று. இதன் விலை எட்டு மானா. அதுவும் மூன்று நிறங்களில். களத்தில் வைத்திருக்க ஒவ்வொரு முறையும் மேலும் மூன்று மானா கப்பம் கட்ட வேண்டும். போட்டிக்குச் சற்றும் உதவாத அட்டை. அப்படியானால் முதலிடம் ஏன்?

அலாஸ்காவில் சில நண்பர்கள் இந்த ஐந்து மூத்த ட்ரகன்களையும் தளபதிகளாக வைத்துத் தமக்கெனப் புதிய விளையாட்டு முறையொன்றை வகுத்துக்கொண்டார்கள். தளபதியுடன் சேர்த்து 100 அட்டைகள். அடிப்படை நிலங்கள் தவிர, எந்த அட்டையும் இரு தடவை வரக்கூடாது. ஐக்கிய அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவரும் போட்டி நடுவருமான ஷெல்டன் மெனெரி அதனை நெறிப்படுத்திப் பரப்பினார். ஒரு தளபதியிடமிருந்து 21 சேதம் பெற்றவர் தோற்றவராவார் என்பது விதி. 21 என்பது எங்கிருந்து வந்தது? மூத்த ட்ரகனின் தாக்குவலு 7. மூன்று அடிக்கு 21. இன்று எந்தத் தளபதியைக் கொண்டு விளையாடினாலும் அந்த எண் மாறவில்லை. 2011 இல் நிறுவனம் இம்முறைக்கெனவே 'கமாண்டர்' என்ற பெயரில் கட்டுகளை வெளியிட்டது. இப்போது மிகப் பரவலாக விளையாடப்படுவது இந்த முறையே.

இரண்டு கைகள்

வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட தரவரிசை நெடுநாள் நிலைக்காது. புதிய தொகுதியை விற்பதற்குப் பழையவற்றை மிஞ்சும் அட்டை தேவை. 'நிக்கோல் போலாஸ்' கூட 2018 இல் நான்கு மானா விலையில், மிக வலிமையான புதிய வடிவம் பெற்றது. நிறுவனம் 1999 இல் ஹாஸ்ப்ரோவின் கைக்குச் சென்றது. வியாபாரத்தின் வேகமும் அதற்கேற்பப் பெருகிற்று. சேகரிப்பாளர்களின் நிலையும் நிம்மதியானதல்ல. 1995 இல் மூத்த ட்ரகன்கள் உட்படப் பழைய அட்டைகள் 'குரோனிக்கிள்ஸ்' தொகுதியில் மறுபதிப்பானபோது, தம் சேகரிப்பின் பெறுமதி சரிந்ததென்று அவர்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாக, சில அட்டைகளை இனி அச்சிடுவதில்லை என்ற பட்டியலை 1996 இல் நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று.

ஆனால் மூத்த ட்ரகனுக்கு அதன் இடத்தை அளித்தவர்கள் விளையாடியவர்கள். விற்பனைக்கு உதவுமா என்று அவர்கள் பார்க்கவில்லை. பயனற்றதெனக் கருதப்பட்ட அட்டையை மேசையில் வைத்து மகிழ ஒரு வழி தேடினார்கள், அவ்வளவுதான்.

இதில் கவலை தரும் இறுதிக் கட்டமும் உண்டு. மெனெரி 2023 செப்டெம்பரில் காலமானார். மறு ஆண்டு செப்டெம்பரில் அவரது தொண்டர் குழு விலையுயர்ந்த சில அட்டைகளைத் தடை செய்தபோது, அக்குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. சில நாள்களில் அவர்கள் அந்த முறையின் நிர்வாகத்தை நிறுவனத்திடமே ஒப்படைத்தனர். நண்பர்கள் சிலர் பொழுதுபோக்குக்காக வகுத்த விதிகள், இப்போது அட்டைகளை அச்சிட்டு விற்பவர்களின் பொறுப்பில் இருக்கின்றன.

வருங்காலப் பட்டியல்களில் முதலிடம் எந்த ட்ரகனுக்குக் கிடைக்கும் என்பது எனக்குப் பெரிய கேள்வியல்ல. அந்த இடத்தை அளிக்கப்போவது விளையாடுபவனின் அன்பா, விற்பவனின் கணக்கா என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.