மைசூர் ஓவியம்: வார இறுதி ஒர்க்‌ஷாப்பில் கற்றதை 'ஒரிஜினல்' என்று விற்கலாமா?

மைசூரு அரண்மனை, சாமுண்டி மலை எல்லாம் பார்த்தாச்சு. இந்த முறை இரண்டு நாள் ஓவிய ஒர்க்‌ஷாப். ஞாயிறு சாயங்காலம் கையில் ஒரு சின்ன சரஸ்வதி, கிரீடத்தில் தங்க ரேக்கோடு. இன்ஸ்டாவில் போட்டதும் இன்பாக்ஸில் கேள்வி: "எவ்ளோ? எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தர்றியா?"

அதை 'மைசூர் பெயின்டிங்' என்று சொல்லி விற்கலாமா? நீங்கள் எவ்வளவு நன்றாக வரைகிறீர்கள் என்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

தஞ்சாவூர் ஓவியம்தானே இது?

இல்லை, ஆனால் சொந்தம். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றதும், அந்த அரசவையை நம்பியிருந்த ஓவியர்கள் சிதறினார்கள். ஒரு கிளை ஸ்ரீரங்கப்பட்டணம் வழியாக மைசூரு உடையார்களிடம் வந்து சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் அதைத் தூக்கி நிறுத்தினார்.

வித்தியாசம், நகைகளைப் பார்த்தால் தெரியும். தஞ்சாவூரில் சுண்ணப்பொடிக் கலவையைத் தடிமனாக ஏற்றி, கண்ணாடிக் கற்களைப் பதிப்பார்கள். மைசூரு ஓவியத்தில் அந்த மேடு மிக மெல்லியது. துத்தநாக ஆக்சைடு பொடியை அரபிக் கோந்தில் குழைத்து, நுனி மெலிந்த தூரிகையால் வளையல், ஒட்டியாணம், சிம்மாசன வளைவு என்று இழை இழையாக வரைய வேண்டும். அது காய்ந்த பிறகே தங்க ரேக்கு ஒட்டுவார்கள். வண்ணமெல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்ததும், மேலே மெல்லிய காகிதத்தைப் போட்டு வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். அந்த அடங்கிய மினுமினுப்பு அப்படி வருவது. அந்தக் காலத்தில் ஸ்கெட்ச் போட பென்சில் கிடையாது. புளியங்குச்சியை இரும்புக் குழாயில் வைத்துச் சுட்ட கரிதான்.

இரண்டு நாளில் என்ன வரும்?

நேர்மையாகச் சொன்னால், ரேக்கு ஒட்டவும் வண்ணம் நிரப்பவும் வரும். முகம் வராது. கண்ணும் விரலும் வருடக்கணக்கில் வரைந்தால்தான் பழகும். பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கலவையை நம்மையே குழைக்க விடுவார்களா, டப்பாவில் தயாராக இருக்குமா? ரேக்கு நிஜத் தங்கமா, பித்தளைத் தாளா? பழைய முறை என்று ஈய வெள்ளையைப் பயன்படுத்துகிறார்களா? ஈயம் விஷம், அப்படியென்றால் வேண்டாம். முக்கியமாக, சொல்லித் தருபவர் வரைந்து பிழைப்பவரா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. கைவேலை ஒரு தலைமுறை நின்றால் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஹவாய் ஓர் உதாரணம். அங்கே மரப்பட்டையை அடித்து அடித்துச் செய்யும் 'காபா' துணி, பருத்தித் துணி வந்த பிறகு 19-ம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. 1970-களில் அதை மீட்க நினைத்தவர்களுக்குச் சொல்லித் தர ஆள் இல்லை. மியூசியத்தில் இருந்த துணிகளையும் பழைய குறிப்புகளையும் பார்த்து, செய்து செய்துதான் கற்றார்கள்.

மைசூருவிலும் பாதி அப்படி ஆன ஒரு கலை இருக்கிறது. கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டுகள். மும்மடி உடையார் தானே புதிய ஆட்டங்களை வடிவமைத்தார். சாமுண்டேஸ்வரி பெயரிலான ஆட்டத்துக்கு மட்டும் 320 சீட்டு! இன்றும் சீட்டு வரைகிறார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள், ஆடுவதில்லை.

சரி, விற்கலாமா?

மைசூர் பாரம்பரிய ஓவியம் 2005-06-ல் புவிசார் குறியீடு, அதாவது ஜிஐ பெற்றது. இது காப்புரிமை மாதிரி இல்லை. அந்தப் பாணியில் வரைவதை யாரும் தடுக்க முடியாது. சட்டம் காப்பது பெயரை. 1999-ம் ஆண்டின் ஜிஐ சட்டப்படி, அந்தப் பெயரைப் போட்டு விற்கும் உரிமை, குறிப்பிட்ட எல்லைக்குள் உற்பத்தி செய்து, 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று பதிவு செய்தவர்களுக்கானது. அந்தப் பதிவும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. பொய்யாகப் பெயர் போட்டு விற்றால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆக, வேளச்சேரி ஃபிளாட்டில் வரைந்துவிட்டு 'ஒரிஜினல் மைசூர் பெயின்டிங்' என்று போடாதீர்கள். வாங்குபவர் ஊரைத் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் இங்கே சிக்கல். "மைசூரு முறையைக் கற்று, சென்னையில் நான் வரைந்தது" என்று போட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது. யாரிடம் கற்றீர்கள் என்பதையும் அவர் சம்மதத்தோடு சேர்த்துப் போட்டால், அடுத்த ஆர்டர் அவருக்கே போகலாம்.

ஜிஐ பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். எந்தப் பொருளுக்கு ஜிஐ இருக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள் யார் என்பதை அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஒர்க்‌ஷாப் புக் செய்யும் முன் ஆசிரியர் பெயரை அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாத நல்ல ஓவியர்களும் உண்டு, அதனால் பெயர் வராவிட்டால் அவரிடமே கேட்டுவிடுங்கள்.